அடுப்பிருக்கும் பக்கம்

என் கைபேசியில் பன்னிரண்டு படங்கள்.
பன்னிரண்டிலும் எலிசேயோவின் தலை வலத்தோளில் சரிய
மோவாய் இடப்புறம் ஏறி நிற்கிறது.
அரைகுறையாய்க் காதில் விழுந்ததை
மறுபடி சொல்லச் சொல்பவன் மாதிரி, என்றான் என் தம்பி.
சிரித்தோம்.
மரிசெல் அதிலொன்றைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

காஸ்த்ரோ ஆஸ்பத்திரியில்
யஸ்னா பார்ரியா சிரிக்கவில்லை.
கைகளை வெந்நீரில் காட்டித் துடைத்துக்கொண்டு
அவன் காதுக்குப் பின்னிருந்து காறையெலும்பு வரை
இரண்டு விரலால் நடந்தாள்.
பாதி வழியில் நின்றாள்.
"இங்கே" என்று என் விரலைப் பிடித்து வைத்தாள்.
தோலுக்கடியில் ஓர் ஆலிவ் கொட்டை
நழுவிப் போனது.
"நீங்கள் நினைப்பது இல்லை" என்றாள்.
நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்கேன் திரையில் சாம்பல் மழை. அதற்குள்
முறுக்கேறிய கயிறு போல் ஒரு தசை.
கண்ணைப் பார்த்தார்கள், கழுத்தெலும்பைப் பார்த்தார்கள்,
இடுப்பை ஏன் பார்க்கிறார்கள் என்று புரியவில்லை,
அதையும் பார்த்தார்கள். எல்லாம் சரி.
குட்டையாய்ப் போனது இந்த ஒன்றுதான்.
வயிற்றுக்குள் இடம் போதாமல் இருக்கலாம்,
வெளியே வரும்போது நசுங்கியிருக்கலாம்.
"தெரியாது. தேடிக் களைக்காதீர்கள்."
மரிசெல் தேடினாள்.
மீன் ஆலையில் இரவு முழுக்கச் செதிள் சுரண்டியபடி
கர்ப்பத்தில் தான் தூங்கிய பக்கங்களையெல்லாம்
எண்ணிப் பார்த்தாள்.

நான் முக்குளிப்பவன்.
சால்மன் கூண்டுகளின் அடியில் கிழிந்த வலை தைப்பது என் பிழைப்பு.
இருபது மீட்டர் ஆழத்தில், கை விறைத்தாலும்
எண்ணிக்கை தவறாது.
இந்த முப்பது விநாடிதான் எண்ண வரவில்லை.
ஒரு கை அவன் வலத்தோளை அமர்த்த
மறு கை தலையை ஏந்தி
இடக்காதை இடத்தோளிடம் கொண்டுபோக வேண்டும்.
ஒன்பதில் அலறுவான்.
பதினொன்றில் விட்டுவிடுவேன்.
தாளில் முப்பது என்று எழுதுவேன்.

மூன்று வாரம் எழுதினேன்.

யஸ்னா கோணமானியை அவன் உச்சியில் பிடித்தாள்.
போன தடவைக் கணக்கே வந்தது.
தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை நீட்டினாள்.
"உங்கள் வீட்டை வரையுங்கள்."

வரைந்தேன், கடல் மேல் கால் ஊன்றிய ஒற்றை அறை.
தொட்டிலில் அவன் மல்லாந்து கிடக்க
இடப்பக்கம் அடுப்பு, கதவு, எங்கள் படுக்கை, நாய்.
வலப்பக்கம்?
பலகைச் சுவர்.
அவள் ஒன்றும் சொல்லாமல் பேனாவால்
என் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
அவன் பின்தலையின் இடப்புறம் தட்டையாகி வருவது
அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"அழுதால் நிறுத்துங்கள்" என்றாள்,
"அழுகிற தசை இளகாது.
பத்துப் பத்தாய் எடுங்கள், குளித்த சூட்டில்.
விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள், உங்கள் நெஞ்சிலேயே.
இன்றைக்கே தலைமாட்டைக் கால்மாடாக்குங்கள்."

அன்றிரவு தொட்டிலைத் திருப்பினோம்.
நாய் குழம்பிப்போய் பழைய இடத்தையே மோந்தது.
அவனும் வழக்கப்படி பலகையையே பார்த்தான்,
ஒரு மணி நேரம், வீம்பாக.
மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
ஈர விறகு அடுப்புக்குள் படாரென்று வெடிக்க
மோவாய் நகர்ந்தது.
நடுக்கோட்டில் சிக்கியது.
உப்பேறிய கீல் மாதிரி இன்னும் கொஞ்சம் நகர்ந்து
அங்கேயே கண் செருகிவிட்டான்.
மரிசெல் ஆலையிலிருந்து வரும்வரை
நான் விறகைத் தொடவில்லை,
அடுப்பு அணைந்தே போனது.

ஆலிவ் கொட்டை எந்த மாதம் கரைந்ததென்று
இருவருக்கும் நினைவில்லை.
காய்ச்சல் வந்தால் இப்போதும் தலை பழைய பக்கம் போகிறது.
நேற்று பத்தாவது மாதம்.
அவன் கோணமானியையே வாயில் வைக்கப் பார்த்தான்.
"ஐந்து டிகிரி பாக்கி" என்றாள் யஸ்னா.
அதை எங்கே போய் வாங்குவது என்று கேட்டேன்.
"வீட்டில்தான்" என்று சொல்லிவிட்டு
அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.